பன்னிரண்டு பேரின் பட்டினி

அத்தியாயம் 17

இரண்டாம் சார்லஸ் 1660இல் நாடு திரும்புமுன் ஹாலந்தின் பிரெடா நகரிலிருந்து ஒரு வாக்குக் கொடுத்தார். நாட்டின் அமைதியைக் குலைக்காதவரை, மத நம்பிக்கைக்காக யாரையும் தொல்லைப்படுத்துவதில்லை என்பது அந்த வாக்கு. அதன்பின் வந்த பாராளுமன்றமே சட்டம்மேல் சட்டம் போட்டு அந்த வாக்கை ஒன்றுமில்லாமல் ஆக்கிய கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த வரிசையில் அடுத்து வந்தது 1670 மே மாதச் சட்டம். இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படி அல்லாத வழிபாட்டுக்காக, ஒரு வீட்டில் வீட்டார் போக வெளியாட்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடினால் குற்றம். முதல் தடவை 5 ஷில்லிங் அபராதம், அடுத்த தடவை 10 ஷில்லிங். பிரசங்கம் செய்தவருக்கு 20 பவுண்டு, மறுபடியும் செய்தால் 40. வசூலாகும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு துப்புக் கொடுத்தவனுக்குப் போகும். உள்ளூர் மாஜிஸ்திரேட் ஒருவரே விசாரித்து முடித்துவிடலாம், ஜூரி தேவையில்லை.

இந்தக் கடைசி விதியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிகாரத்தில் இருந்த ஒருவர் அதைப் பயன்படுத்தாமல் விட்டதால்தான் இந்த அத்தியாயத்தின் கதையே நடந்தது.

சட்டம் வந்ததும், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத தனிச்சபையார் பலர் இரவில் கூடினார்கள், இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், வாசலில் ஆள் நிறுத்திக் காவல் காத்தார்கள். அவர்களில் குவேக்கர்கள் என்ற பிரிவினர் மட்டும் அப்படிச் செய்யவில்லை. அதே இடம், அதே நேரம், திறந்த கதவு. கூடும் வீட்டைப் பூட்டினால் தெருவில் நின்றார்கள். சிறைக்குக் கூப்பிட்டால் போனார்கள். பின்னாளில், 1682இல், பிரிஸ்டல் நகரத்தில் பெரியவர்கள் சிறையில் கிடக்க, சிறுபிள்ளைகள் தாங்களாகவே கூடி வழிபாட்டை நடத்தினார்கள் என்றால் இவர்களுடைய பிடிவாதம் எப்படிப்பட்டது என்று புரியும். அரசனானாலும் ஒருமையில்தான் பேசுவார்கள். எவர் முன்னாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் எடுக்க மாட்டார்கள். அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு இவர்களைக் கண்டாலே எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை.

1670 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் இருந்த குவேக்கர்களின் கூட்ட வீட்டு வாசலைச் சிப்பாய்கள் மறித்து நின்றார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகாமல் தெருவிலேயே நின்றார்கள். அவர்களில் ஓர் இளைஞர் பேசத் தொடங்கினார். வயது 25. பெயர் வில்லியம் பென். 1655இல் ஜமைக்காவைக் கைப்பற்றிய கடற்படைத் தளபதி சர் வில்லியம் பென்னின் மகன். லிங்கன்ஸ் இன்னில் கொஞ்ச காலம் சட்டம் படித்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் எழுதிய ஒரு நூலுக்காக லண்டன் கோபுரச் சிறையில் மாதக்கணக்கில் இருந்து வந்தவர். அவருடன் கைதானவர் வில்லியம் மீட். துணி வியாபாரி, ஒரு காலத்தில் படையில் கேப்டனாக இருந்தவர்.

கைது வாரண்டில் கையெழுத்திட்டவர் லண்டன் மேயர் சர் சாமுவேல் ஸ்டார்லிங். அவர் நினைத்திருந்தால் புதிய சட்டப்படி அன்றைக்கே பென்னுக்கு 20 பவுண்டு அபராதம் போட்டுக் காரியத்தை முடித்திருக்கலாம். அது அவருக்குப் போதவில்லை. ஆயுத பலத்தோடு, சட்ட விரோதமாக, கலவரமாகக் கூடி அரசரின் அமைதியைக் குலைத்தார்கள் என்று பொதுச் சட்டத்தின்கீழ் பெரிய குற்றப்பத்திரிகையாகத் தயாரானது. பெரிய குற்றம் என்றால் ஓல்ட் பெய்லிக்குப் போக வேண்டும். ஓல்ட் பெய்லி என்றால் ஜூரி. கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்ற ஆசையால், பன்னிரண்டு பேர் வந்து உட்காரும் கதவை மேயரே திறந்துவிட்டார்.

ஜூரியைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் மூத்தவர்களுக்கு அது பழக்கமானதுதான். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சொன்னவர்கள் ஜூரிகள்தான். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு நம் குற்ற வழக்குகளில் அந்த முறை முற்றாக மறைந்தது. நம்மிடம் வந்துபோன அந்த ஏற்பாட்டின் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே பதினேழாம் நூற்றாண்டில் ஜூரி என்பது ஏற்கெனவே நானூறு வருடப் பழைய சங்கதி. ஆகவே ஜூரி இருக்க வேண்டுமா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஜூரி ‘இல்லை’ என்று சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் தீராத கேள்வியாக இருந்தது.

டியூடர் காலத்தில் அதற்குக் கிடைத்த பதில் பயங்கரமானது. 1554இல், மேரி அரசிக்கு எதிரான வயட் கிளர்ச்சியில் பங்கெடுத்ததாகச் சர் நிக்கலஸ் திராக்மார்ட்டன் மீது ராஜத் துரோக வழக்கு. அவர் தானே வாதாடினார். ஜூரி அவரை விடுவித்தது. விடுவித்த ஜூரிகளை உடனே சிறையில் அடைத்தார்கள். மன்னிப்புக் கேட்க மறுத்தவர்களை ஸ்டார் சேம்பர் என்ற அரச நீதிமன்றத்துக்கு இழுத்துப் பெரும் அபராதம் போட்டார்கள். அவர்கள் வெளியே வர அந்த வருடக் கடைசி ஆனது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாய்க்கும் விடுதலை ஜூரிக்குச் சிறையாக முடியும் என்பதை லண்டன் நகரம் வெகு காலம் மறக்கவில்லை.

ஸ்டார் சேம்பரை 1641இல் பாராளுமன்றம் ஒழித்தது. பழக்கம் ஒழியவில்லை. ஸ்டார் சேம்பர் செய்துவந்ததை நீதிபதிகள் தங்கள் மேடையிலிருந்தே செய்யத் தொடங்கினார்கள். தலைமை நீதிபதி சர் ஜான் கெலிங் இதில் முன்னணியில் நின்றார். கொலை என்று தான் சொன்னதைக் கைமோசக் கொலை என்று குறைத்துச் சொன்ன ஜூரிகளுக்கு அபராதம். வழிபாட்டுக்குக் கூடியவர்களை விடுவித்த ஜூரிகளுக்கு ஆளுக்கு 100 மார்க் அபராதம். ஒரு மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ். 100 மார்க் என்றால் ஒரு கைவினைஞர் இரண்டு வருடமாவது உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய பணம். 1667 டிசம்பரில் பொதுச் சபை கெலிங்கை வரவழைத்து விசாரித்தது. மகா சாசனத்தையே அவர் அருவருப்பான ஒரு சொல்லால் இழித்துப் பேசினார் என்ற குற்றச்சாட்டும் அங்கே எழுந்தது. தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிப்பது சட்ட விரோதம் என்று சபை தீர்மானம் போட்டது. தீர்மானம் தீர்மானமாகவே நின்றது, சட்டமாகவில்லை. கெலிங்கும் பதவியில் நீடித்தார். 1670 செப்டம்பரில் ஓல்ட் பெய்லிக்குள் நுழைந்த பன்னிரண்டு பேருக்கும் இந்த நிலைமை தெரியாமல் இருந்திருக்காது.

செப்டம்பர் 1ஆம் தேதி பென்னும் மீடும் கொண்டுவரப்பட்டார்கள். குற்றப்பத்திரிகை வாசித்தாயிற்று, குற்றவாளி அல்ல என்றார்கள். பிறகு மணிக்கணக்கில் காக்கவைக்கப்பட்டு, மற்றக் கைதிகளின் வழக்குகள் முடிந்தபின் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 3ஆம் தேதி, சனிக்கிழமை, மறுபடி அழைப்பு. வாசலில் நுழையும்போது ஒரு சேவகன் இருவருடைய தொப்பிகளையும் எடுத்துவிட்டான். மேடையிலிருந்து மேயர் அதைக் கண்டு கோபப்பட்டு, தொப்பியைத் திரும்பத் தலையில் வைக்கச் சொன்னார். வைத்தாயிற்று. உடனே ரெக்கார்டர், அதாவது நகரத்தின் தலைமை நீதிபதி ஜான் ஹவல், நீதிமன்றத்தில் தொப்பி அணிந்து நிற்பதற்காக ஆளுக்கு 40 மார்க் அபராதம் விதித்தார். தொப்பியை வைத்தது நாங்களா, நீங்களா என்று பென் கேட்டார். அதற்குப் பதில் இல்லை.

மேடையில் மேயரும் ரெக்கார்டரும் ஆல்டர்மேன்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சர் ஜான் ராபின்சன் லண்டன் கோபுரச் சிறையின் அதிகாரி; பென்னை முன்பு பூட்டி வைத்திருந்தவர். சர் தாமஸ் பிளட்வர்த் 1666 பெருந்தீ மூண்டபோது மேயராக இருந்தவர். அந்தத் தீ விழுங்கிய நகரத்தின் தெருக்கள் அப்போதுதான் செங்கல் செங்கலாக எழும்பிக்கொண்டிருந்தன.

மூன்று சாட்சிகள். முதல் சாட்சி லெஃப்டினன்ட் குக். கூட்டத்தைக் கலைக்க அனுப்பினார்கள்; போனேன்; பென் பேசுவதைப் பார்த்தேன்; சத்தத்தில் என்ன பேசினார் என்று கேட்கவில்லை; நெரிசலில் அவரிடம் போய்ச் சேர முடியவில்லை; மீட் என்னிடம் வந்து, அவர் பேசி முடிக்கட்டும், பிறகு நானே அவரை உங்களிடம் கூட்டி வருகிறேன் என்றார் — இதுதான் அவருடைய சாட்சியத்தின் சாரம். எத்தனை பேர் என்று கேட்டதற்கு முந்நூறு நானூறு பேர் இருக்கும் என்றார். இரண்டாம் சாட்சிக்கும் பென் பேசியது கேட்கவில்லை. மூன்றாமவர், பென் கைகளை ஆட்டுவதைக் கண்டேன், ஏதோ சத்தம் கேட்டது, மீடை அங்கே பார்க்கவே இல்லை என்றார். அவ்வளவுதான் வழக்கு. ஆயுதம் எங்கே? ஒரு தடிகூடச் சாட்சியத்தில் வரவில்லை. கலவரம் எங்கே? பேசி முடித்ததும் பேச்சாளரைத் தானே ஒப்படைப்பதாக அதிகாரியிடம் பணிவாகச் சொல்லும் கூட்டத்தைக் கலவரக் கூட்டம் என்று எப்படிச் சொல்வது?

பென் தெருவில் பிரசங்கம் செய்ததை மறுக்கவில்லை. கடவுளை வணங்கக் கூடினோம், இனியும் கூடுவோம் என்றார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: எந்தச் சட்டத்தின்கீழ் என்னை விசாரிக்கிறீர்கள்? பொதுச் சட்டம் என்றார் ரெக்கார்டர். அந்தச் சட்டம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார் பென். எத்தனையோ வருடங்களின் தீர்ப்புகளில் பரவிக் கிடப்பதை உன் ஆர்வத்துக்காக எடுத்துக் காட்ட முடியாது என்று ரெக்கார்டர் எரிந்து விழுந்தார். எல்லோருக்கும் பொதுவானது என்றால் எடுத்துக் காட்டுவது இவ்வளவு சிரமமாக இருக்காதே என்று பென் விடவில்லை. சட்டம் படித்த இளைஞரின் சாமர்த்தியம் மட்டும் இதில் இல்லை. எந்தக் குற்றம் என்று தெரியாமல் ஒருவன் எப்படித் தன்னைக் காத்துக்கொள்வான் என்ற கேள்வி இதில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் கொடுத்திருக்க வேண்டியது நீதிமன்றத்தின் கடமை. அவர்கள் பதில் கொடுக்கவில்லை, ஆளை அப்புறப்படுத்தினார்கள். நீதிமன்றத்தின் மூலையில் கைதிகளை நிறுத்திவைக்கும் தடுப்புக்குள் பென்னைத் தள்ளினார்கள். அங்கே நீ இருந்தாயா என்று மீடிடம் கேட்டபோது, தன்மீது தானே குற்றம் சுமத்திக்கொள்ள எவனும் கட்டுப்பட்டவன் அல்ல என்ற பழைய விதியைச் சொன்னார். அவரையும் அங்கேயே அனுப்பினார்கள்.

கைதிகள் இல்லாத அந்த நேரத்தில் ரெக்கார்டர் ஜூரிக்கு அறிவுரை சொல்லத் தொடங்கினார். பென் தடுப்புக் கம்பிகளைப் பற்றி ஏறி நின்று, எங்கள் முதுகுக்குப் பின்னால் ஜூரியிடம் பேசுவது சட்ட விரோதம் என்று கத்தினார். முன் அத்தியாயங்களில் நாம் சந்தித்த எட்வர்ட் கோக்கின் நூலையே ஆதாரம் காட்டினார். கூச்சல் கூச்சலாகவே போனது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த விசாரணையின் உரையாடல்கள் நமக்குக் கிடைப்பது பென் தரப்பு அந்த வருடமே அச்சிட்ட துண்டுப் பிரசுரத்திலிருந்து. ஸ்டார்லிங் அதை மறுத்து 1671இல் தானும் ஒரு பிரசுரம் வெளியிட்டார். யார் எந்தத் தொனியில் பேசினார் என்பதில் பென்னின் பேனாவுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். ஜூரிகளை அடைத்து வைத்ததையும் அபராதம் போட்டதையும் யாரும் மறுக்கவில்லை. அது நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது.

ஜூரிகள் மாடிக்குப் போய் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எட்டுப் பேர் இறங்கி வந்தார்கள்; நான்கு பேர் வரவில்லை. சேவகன் போய் நால்வரையும் கூட்டி வந்தான். அவர்களில் ஒருவர் எட்வர்ட் புஷல். மேடையில் இருந்தவர்களின் ஆத்திரமெல்லாம் அவர் மேல் பாய்ந்தது. ராபின்சன் தனக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும் என்றும், வேண்டுமென்றே இந்த ஜூரிக்குள் நுழைந்திருக்கிறார் என்றும் குற்றம் சாட்டினார். விலகிக்கொள்ள வழியிருந்தால் மகிழ்ச்சியோடு விலகியிருப்பேன் என்றார் புஷல். இந்த மனிதரைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அன்று மிரட்டப்பட்டபோது அவர் அசையவில்லை என்பது தெரியும். அது போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

திரும்பிப் போனார்கள், வந்தார்கள். ஜூரித் தலைவர் தாமஸ் வியர் முடிவைச் சொன்னார்: கிரேஸ்சர்ச் தெருவில் பேசிய குற்றம் பென் செய்திருக்கிறார். அவ்வளவுதானா என்று மேடை கேட்டது. அவ்வளவுதான். சட்ட விரோதக் கூட்டத்தில் பேசினார் என்று சேர்த்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்கள். சேர்க்கவில்லை. தெருவில் பேசுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. அந்த முடிவை வைத்துக்கொண்டு யாரையும் தண்டிக்க முடியாது. மறுபடி அனுப்பினார்கள். ஜூரிகள் பேனா, மை, காகிதம் கேட்டு வாங்கிப் போய், எழுத்தில் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று அந்தத் தெருவில் கூடியிருந்தவர்களிடம் பென் பேசினார். மீட் குற்றவாளி அல்ல. கீழே பன்னிரண்டு கையெழுத்துகள். முதலில் எட்டும் நான்குமாகப் பிரிந்திருந்தவர்கள் மிரட்டலுக்குப்பின் பன்னிரண்டாக நின்றார்கள் என்பதை இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கிறேன்.

நீதிமன்றம் ஏற்கும் முடிவு கிடைக்கும்வரை உணவு, தண்ணீர், நெருப்பு, புகையிலை எதுவும் இல்லாமல் இவர்களைப் பூட்டி வையுங்கள் என்றார் ரெக்கார்டர். முடிவுக்கு வரும்வரை ஜூரியை உணவின்றி அடைத்து வைப்பது அன்றைய வழக்கம்தான். முடிவைச் சொன்னபின் அடைத்தது புதிது. ஜூரிகள் போகும்போது, நீங்கள் ஆங்கிலேயர்கள், உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று பென் குரல் கொடுத்தார். விட மாட்டோம் என்று பதில் வந்தது. அந்த இரவு அவர்களுக்கு மலஜலம் கழிக்கப் பாத்திரம்கூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்குக் கூட்டி வந்தார்கள். முடிவு மாறவில்லை. திருப்பி அனுப்பினார்கள், வந்தார்கள், மாறவில்லை. என் மனச்சாட்சிப்படி செய்தேன் என்று புஷல் சொல்ல, அந்த மனச்சாட்சி என் கழுத்தை அறுக்கும் போலிருக்கிறது, அதற்குமுன் உன் கழுத்தை நான் அறுக்கிறேன் என்று மேயர் கர்ஜித்தார். ஜூரியை மிரட்டுவது எந்த நீதி என்று கேட்ட பென்னுக்கு விலங்கு கொண்டுவரச் சொன்னார். ஸ்பெயின்காரர்கள் மத விசாரணை மன்றம் வைத்திருப்பதன் விவேகம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது என்றார் ரெக்கார்டர். ஒரு புராட்டஸ்டண்ட் நாட்டின் தலைநகரத்தில், நீதி மேடையிலிருந்து வந்த பேச்சு இது. பன்னிரண்டு பேரையும் மறுபடி பூட்டினார்கள். இரண்டாவது இரவு.

செப்டம்பர் 5, திங்கட்கிழமை காலை. பட்டினியில் துவண்டு வந்து நின்றவர்களிடம் முடிவு கேட்கப்பட்டது. பென் குற்றவாளியா? இல்லை. மீட்? இல்லை. இரண்டு நாள் அடைத்து வைத்ததில் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது, முன்னால் கிடைத்த அரைகுறை முடிவுக்குப் பதிலாக முழு விடுதலை. மேயர் நம்பாமல் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்கச் சொன்னார். பன்னிரண்டு தடவை அதே பதில். கூடியிருந்த மக்கள் மகிழ்ச்சி ஆரவாரம் செய்தார்கள். ரெக்கார்டர் ஜூரிகளுக்கு ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டார். கட்டும்வரை நியூகேட் சிறை. விடுதலையான பென்னையும் மீடையும்கூட விடவில்லை. தொப்பி அபராதம் பாக்கி இருந்தது. விசாரிக்கப்பட்டவர்களும் அவர்களை விடுவித்த ஜூரிகளும் சேர்ந்தே நியூகேட்டுக்குள் போனார்கள்.

பென்னின் தந்தை மரணப் படுக்கையில் இருந்தார். எனக்காகப் பணம் கட்ட வேண்டாம் என்று மகன் சிறையிலிருந்து எழுதினார். ஆனாலும் அபராதம் கட்டப்பட்டது. மகன் வீடு வந்து சேர்ந்த சில நாளில், செப்டம்பர் 16 அன்று, தளபதி இறந்தார். அரசர் அவருக்குத் தர வேண்டியிருந்த 16,000 பவுண்டு கடனுக்கு ஈடாகத்தான் 1681இல் பென்னுக்கு அமெரிக்காவில் பென்சில்வேனியா கிடைத்தது. அது வேறு கதை. இந்தத் தொடரில் அதற்கு இடமில்லை. பென்னின் புகழ் இந்த வழக்கையும் தன் நிழலுக்குள் இழுத்துக்கொண்டது. வழக்கில் பெரிய காரியம் நடந்தது அவர் சிறையை விட்டுப் போனபிறகுதான்.

ஜூரிகளில் எட்டுப் பேர் ஒருவர்பின் ஒருவராகப் பணம் கட்டி வெளியே வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நியூகேட்டில் கிடப்பது எந்த வீட்டுக்காரருக்கும் எளிதல்ல. புஷல், ஜான் ஹேமண்ட், சார்லஸ் மில்சன், ஜான் பெய்லி ஆகிய நால்வர் கட்ட மறுத்தார்கள். பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். வாரங்கள் ஓடின. நவம்பரில் புஷலின் ஆட்கொணர்வு மனு பொது வழக்கு மன்றத்தின் முன் வந்தது.

தலைமை நீதிபதி சர் ஜான் வாகன். வேல்ஸ்காரர், பேரறிஞர் ஜான் செல்டனின் நண்பர், மன்னராட்சியை மதித்தவர். குவேக்கர்களிடம் அவருக்குத் தனி அன்பு இருந்ததாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிறை அதிகாரிகள் தந்த பதில் இதுதான்: முழுமையும் தெளிவுமான சாட்சியத்துக்கு மாறாகவும், சட்டம் குறித்து நீதிமன்றம் காட்டிய வழிக்கு மாறாகவும் கைதிகளை விடுவித்த குற்றத்துக்காக இந்த ஆளைப் பிடித்து வைத்திருக்கிறோம். வாகன் அந்தப் பதிலைத் துண்டு துண்டாகப் பிரித்தார்.

முழுமையும் தெளிவும் என்கிறீர்கள், யாருக்குத் தெளிவு? அந்தச் சாட்சியம் என்னவென்றே பதிலில் இல்லையே, நான் எப்படி எடைபோடுவது? ஒரே சாட்சியத்தைக் கேட்ட இரண்டு நீதிபதிகள், இரண்டு வழக்கறிஞர்கள் நேர்மையாகவே வெவ்வேறு முடிவுக்கு வருவதை அன்றாடம் பார்க்கிறோம். நீதிபதியும் ஜூரியும் வேறுபட்டால் மட்டும் அது எப்படிக் குற்றமாகும்? இவர்கள் லஞ்சம் வாங்கினார்கள் என்றோ, தெரிந்தே பொய் சொன்னார்கள் என்றோ பதிலில் இல்லை. தவறாகவே முடிவு செய்திருந்தாலும், மனமறியச் செய்யாத பிழைக்குச் சிறை எதற்கு? ஜூரிகளை வழக்கு நடந்த வட்டாரத்திலிருந்தே அழைப்பது ஏன்? இடத்தையும் ஆட்களையும் அவர்கள் அறிவார்கள் என்பதால்தானே? மேடையில் இருப்பவருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். நீதிபதி நம்பும் சாட்சி பொய்யன் என்பதும் தெரிந்திருக்கலாம்.

அடுத்து அவர் சொன்னதுதான் ஆழமானது. ஒருவன் இன்னொருவனுடைய கண்ணால் பார்க்க முடியாது, காதால் கேட்க முடியாது. அதுபோல இன்னொருவனுடைய புத்தியால் முடிவு செய்யவும் முடியாது என்று அவர் வாதித்தார். ஜூரி சத்தியம் செய்வது தன் அறிவுக்கு எட்டிய உண்மையைச் சொல்வதாக. நீதிபதி சொன்னதைத்தான் சொல்ல வேண்டும் என்றால், அந்தச் சத்தியத்துக்கே பொருளில்லை. பன்னிரண்டு பேரை வேலை வெட்டியை விட்டு வரவழைக்கத் தேவையும் இல்லை. சட்டத்தை நீதிபதி சொல்லலாம் என்பது உண்மை. ஆனால் நடந்தது என்ன என்பது உறுதியாகாமல் எந்தச் சட்டம் பொருந்தும் என்று அவர் எப்படிச் சொல்வார்? நடந்தது என்ன என்று சொல்ல வேண்டியவர் ஜூரி. நால்வரும் விடுவிக்கப்பட்டார்கள்.

பிடிக்காத சட்டத்தை ஜூரி தூக்கி எறியலாம் என்று வாகன் தீர்ப்பளித்ததாக இன்றும் பலர் எழுதுகிறார்கள். அவருடைய தீர்ப்பைப் படித்தால் அப்படி ஒன்றும் அதில் இல்லை. 1649இல் ஜான் லில்பர்ன் தன் ஜூரியிடம் சட்டத்துக்கும் நீங்களே நீதிபதிகள் என்று முழங்கினார். வாகன் அந்த வழியில் போகவில்லை. அவர் செய்தது அதைவிடச் சிறியது, ஆனால் உறுதியானது. ஜூரியின் முடிவு சரியா தவறா என்ற விசாரணைக்குள் நுழையாமலே, அந்த முடிவுக்காக ஆளைத் தண்டிக்கும் அதிகாரத்தை நீதிபதியின் கையிலிருந்து எடுத்துவிட்டார். பொதுச் சபையின் தீர்மானத்தால் மூன்று வருடங்களுக்குமுன் முடியாதது நான்கு பேர் பணம் கட்ட மறுத்ததால் முடிந்தது.

அவர்களுக்கு நஷ்ட ஈடு கிடைத்ததா என்று வாசகர்கள் கேட்கலாம். சிறையில் கழிந்த நாட்களுக்காகப் புஷலும் ஹேமண்டும் மேயர் மீதும் ரெக்கார்டர் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். ஹேமண்டின் வழக்கு 1677 வரை இழுத்தது. நீதிபதி தன் இருக்கையில் இருந்து செய்ததற்காக, அது தவறே ஆனாலும், அவர் மீது வழக்குப் போட முடியாது என்று மன்றம் கைவிரித்தது. இன்றைக்கும் நீதிபதிகளின் சட்டப் பாதுகாப்புக்கு அந்த வழக்கை மேற்கோள் காட்டுவார்கள். ஜூரி தன் முடிவுக்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்பதும், நீதிபதி தன் முடிவுக்காக வழக்குக்கு இழுக்கப்படக் கூடாது என்பதும் ஒரே ஓல்ட் பெய்லி விசாரணையிலிருந்து பிறந்தவை. ஹேமண்டுக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

குவேக்கர்களுக்கும் இதனால் நிம்மதி வந்துவிடவில்லை. 1671 தொடக்கத்திலேயே பென்னை மறுபடி பிடித்தார்கள். இந்தத் தடவை அதே ராபின்சன் முன் நிறுத்தினார்கள். ஜூரி இல்லாத வேறொரு சட்டத்தின்கீழ் ஆறு மாதம் நியூகேட். ஜூரியிடம் போனால் என்ன ஆகும் என்பதை ஆட்சியாளர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆயினும் ராஜத் துரோகம், அவதூறு போன்ற பெரிய குற்றச்சாட்டுகளை ஜூரியிடம் கொண்டுபோகாமல் நடத்த வழியில்லை.

1688 ஜூன் மாதம் இரண்டாம் ஜேம்ஸ் அந்த இடத்தில்தான் சிக்கினார். அரசரின் ஆணையைத் தேவாலயங்களில் வாசிக்க முடியாது என்று மனுக் கொடுத்த கான்டர்பரி பேராயர் சான்கிராஃப்டையும் ஆறு பிஷப்புகளையும் அவதூறுக் குற்றம் சாட்டி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நிறுத்தினார். விசாரணை முடிந்து ஜூரிகளை இரவு முழுவதும் அடைத்தார்கள். பதினொரு பேர் விடுதலை என்றார்கள். அரண்மனைக்கு பீர் காய்ச்சிக் கொடுக்கும் மைக்கேல் ஆர்னால்ட் ஒருவர் மட்டும் விடியும்வரை இணங்கவில்லை. விடிந்தபோது அவரும் இணங்கினார். ஜூன் 30 காலை பத்து மணிக்கு நீதிமன்றம் கூடி, குற்றவாளிகள் அல்ல என்ற முடிவைக் கேட்டது. தீர்ப்புச் சொன்ன ஜூரிகள் மேல் கை வைக்க அன்று எந்த நீதிபதியும் முன்வரவில்லை. அதே நாள் தேதியிட்டு, ஏழு பிரமுகர்கள் கையெழுத்திட்ட ரகசியக் கடிதம் ஒன்று ஹாலந்தில் இருந்த ஆரஞ்ச் இளவரசர் வில்லியமுக்குப் புறப்பட்டது.

(தொடரும்)